ஈரோடு – மைசூரு – முதுமலை – ஊட்டி: மனைவியோடு பைக்கில் போக வழி சொல்லுங்கள்

காலிங்கராயன்_கரை:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஈரோட்டில் ஒரு ஜவுளிக் குடோனில் கணக்கு எழுதுகிறேன். பொங்கல் லீவோடு இரண்டு நாள் சேர்த்துக் கேட்டு வாங்கியிருக்கிறேன். கொழுந்தியாள் வீடு மைசூரில் இருக்கிறது. ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இந்தத் தடவை நானும் வீட்டுக்காரியும் பைக்கிலேயே போவதாக முடிவு.

ஏன் பைக் என்று கேட்பீர்கள். அவளுக்குப் பஸ்ஸில் மலை ஏறினால் பர்லியாறு தாண்டுவதற்குள் வாந்தி வந்துவிடும். காரிலும் அதே கதைதான். பைக்கில் பின்னால் உட்கார்ந்து காற்று முகத்தில் பட்டால் ஒன்றும் செய்வதில்லை. ஏற்காடு இப்படித்தான் போய் வந்தோம். காட்டைப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே சொல்லுவாள். அதனால் மைசூருக்குப் போகிற சாக்கில் முதுமலை, பந்திப்பூர் இரண்டையும் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

வண்டி ஹோண்டா யூனிகார்ன் 160. ஆள் இரண்டு பேர், பின்னால் ஒரு பை, டேங்க் மேல் சின்னப் பை ஒன்று.

நான் போட்ட கணக்கு: முதல் நாள் ஈரோடு, மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி. மறுநாள் காலையில் தலைகுந்தா வழியாகக் கல்லட்டி இறங்கி மசினகுடி. அங்கே ராத்திரி தங்கல். சாயங்காலம் ஜீப்பில் காட்டுக்குள் கூட்டிப்போவதாக ஒரு விடுதிக்காரர் போனில் சொன்னார். அடுத்த நாள் தெப்பக்காடு, பந்திப்பூர், குண்டல்பேட், மைசூரு. திரும்பும்போது சாமராஜநகர், ஆசனூர், திம்பம், சத்தி வழியாக வீடு.

கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவையும் இந்த வண்டியில் இரண்டு பேராக இறங்க முடியுமா? நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் கேட்கிறார்களே, அது பைக்குக்கும் வேண்டுமா? கடைசியாக அவள் கேட்ட கேள்வி ஒன்று. யானை எதிரே நின்றால் என்ன செய்வீர்கள் என்றாள். நான் சொன்ன பதிலில் அவளுக்கும் திருப்தி இல்லை, எனக்கும் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேட்டுப்பாளையம்_மெக்கானிக்:

அண்ணா, முதல்ல ஒண்ணு. கல்லட்டில இறங்க முடியுமான்னு யோசிக்கவே வேணாம், உங்களை இறங்க விடமாட்டாங்க. 2018-ல அங்க ஒரு கார் பள்ளத்துல விழுந்து, ரெண்டு நாள் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம் வெளியூர் வண்டி இறங்கறதுக்குத் தடை. டிஎன் 43 நம்பர் இருக்கிற உள்ளூர் வண்டிதான் இறங்கலாம். தலைகுந்தாவுலயே போலீஸ் நின்னு கூடலூர் ரோட்டுப் பக்கம் திருப்பி விட்ருவாங்க. கீழ மசினகுடில இருந்து ஊட்டிக்கு ஏறி வர்றதுக்கு விடறாங்க.

அதனால உங்க வட்டத்தை அப்படியே திருப்பிப் போடுங்க. போறப்ப சத்தி, பண்ணாரி, திம்பம், மைசூரு. வர்றப்ப பந்திப்பூர், தெப்பக்காடு, ஊட்டி, கோத்தகிரி, மேட்டுப்பாளையம். இதுல இன்னொரு நல்லதும் இருக்கு. மலையில பெரிய இறக்கம் உங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான் வரும், கோத்தகிரி இறக்கம். ரோடு நல்லா இருக்கு, வளைவும் அகலம்.

வண்டியைப் பத்திச் சொல்றேன். முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம். எங்க கடைக்கு மலை இறங்கி வர்ற வண்டில பாதிக்கு மேல ஒரே கம்ப்ளைண்ட்தான், "பிரேக் பிடிக்கல". வண்டியை நியூட்ரல்ல போட்டு, பெட்ரோல் மிச்சம்னு நினைச்சு, பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கியிருப்பாங்க. டிரம்மைத் தொட்டா கை பொசுங்கும். லைனிங் கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆயிருக்கும், அப்புறம் எவ்வளவு மிதிச்சாலும் பிடிக்காது. உங்க வண்டி பிஎஸ் 6-ஆ (புதுப் புகை விதிப்படி வந்தது) இருந்தா ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். கியர்ல இருக்கிறப்ப ஆக்சிலரேட்டரை முழுசா விட்டீங்கன்னா இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திரும், சக்கரம்தான் இன்ஜினைச் சுத்தும். நியூட்ரல்ல போட்டாத்தான் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் குடிக்கும். அதனால எந்த கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல இறங்குங்க. ரெண்டாவது கியர். பிரேக்கை விட்டு விட்டுப் பிடிங்க, அழுத்திக்கிட்டே வராதீங்க.

கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடி பின் லைனிங், டிஸ்க் பேட், பிரேக் ஆயில், கிளட்ச் கேபிள் பார்க்கச் சொல்லுங்க. முந்தின நாள் பார்க்காதீங்க. புது லைனிங் டிரம்மோட செட் ஆகக் கொஞ்ச தூரம் ஓடணும். ஸ்பேர் கிளட்ச் கேபிள் ஒண்ணு, பங்ச்சர் கிட் ஒண்ணு வச்சுக்கங்க. பின் டயர்ல ரெண்டு பேருக்கான காத்து அடிங்க, செயின் கவர்ல ஸ்டிக்கர் இருக்கும், அதுல போட்டிருக்கிறபடி.

சிங்காரா:

தம்பி, நான் கூடலூர்க்காரன். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். சிங்காரா மின்நிலையத்தில்தான் பணிக்காலத்தின் பெரும்பகுதி போயிற்று. பைக்காரா தண்ணீரில் 1932-ல் ஓடத் தொடங்கிய பழைய நிலையம் அது. கூடலூரிலிருந்து தொரப்பள்ளி, தெப்பக்காடு, மசினகுடி வழியாக வருஷக்கணக்கில் பைக்கில் போய் வந்திருக்கிறேன். அதனால் இந்தச் சாலையைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

மெக்கானிக் தம்பி சொன்னது சரி, வட்டத்தைத் திருப்பிப் போடுங்கள். அதற்குமேல் நான் சொல்ல வருவது நேரத்தைப் பற்றி. இந்த வழியில் கிலோமீட்டர் கணக்குப் போடுவதில் பயனில்லை. கேட் எப்போது திறக்கும், எப்போது மூடும், யானை எப்போது ரோட்டுக்கு வரும், இதை வைத்துத்தான் பயணத்தைப் பிரிக்க வேண்டும். பந்திப்பூர் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டிகளுக்குத் தடை. 2009-லிருந்து இருக்கிறது. திம்பத்திலும் 2022-ல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு இரவுத் தடை வந்துவிட்டது. ஆனால் 9 மணி வரை விடுகிறார்களே என்று 7 மணிக்குப் பைக்கில் நுழைவது தவறு. சட்டம் அனுமதிப்பதும் காடு அனுமதிப்பதும் வேறு வேறு. காலை 8 மணிக்கு மேல், மாலை 4 மணிக்குள். காட்டுச் சாலை முழுவதையும் இந்தப் பொழுதுக்குள் முடித்துவிடுங்கள்.

அந்தக் காலை 6 மணிக் கேட்டுக்கு முன்னால் போய் நிற்கவும் வேண்டாம். கேட் திறந்ததும் இரவெல்லாம் காத்திருந்த லாரிகளும் கார்களும் ஒரே சமயத்தில் உள்ளே பாயும். ராத்திரி முழுவதும் வண்டி இல்லாத ரோட்டில் யானையும் காட்டெருமையும் அப்போதும் சாவகாசமாக நின்றுகொண்டிருக்கும். ஜனவரியில் பனிமூட்டம் வேறு. காட்டெருமை கறுப்பு, தார் ரோடும் கறுப்பு. முழங்காலுக்குக் கீழே இருக்கிற அந்த வெள்ளைதான் முதலில் கண்ணில் படும். அது தெரிகிற தூரத்தில் பிரேக் பிடித்து வண்டி நிற்க வேண்டும் என்றால் 30-க்கு மேல் போகவே கூடாது.

உங்கள் வீட்டம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். அதுதான் இந்தத் திரியிலேயே முக்கியமான கேள்வி.

யானையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வழிகள் இருக்கின்றன. ரோட்டில் பச்சைச் சாணம், ஈரம் காயாமல் ஆவி பறக்கக் கிடந்தால் பக்கத்தில் இருக்கிறது. மூங்கில் ஒடிகிற சத்தம் கேட்கும். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த வேலையைக் கொடுங்கள். ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்க்கட்டும், அம்மா இடப்பக்கமும் வலப்பக்கமும் புதரைப் பார்க்கட்டும். தோளில் ஒரு தட்டுத் தட்டினால் வேகத்தைக் குறைப்பது என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கத்த வேண்டாம்.

தெரிந்துவிட்டது, ரோட்டில் நிற்கிறது. நூறு மீட்டருக்கு முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். இன்ஜினை அணைக்காதீர்கள், முறுக்கவும் செய்யாதீர்கள். ஹாரன் கூடவே கூடாது, ஹெட்லைட்டை அடித்து அணைக்கக் கூடாது. இறங்கி நின்று செல்போனை நீட்டுகிறவர்களைப் பார்த்து நீங்களும் இறங்காதீர்கள். பின்னால் பஸ்ஸோ லாரியோ வந்தால் அதை முன்னால் விட்டு, அதற்குப் பின்னால் நில்லுங்கள். பைக்காரனுக்குக் காட்டில் பாதுகாப்பு பெரிய வண்டியின் முதுகுதான். கூடலூர் – மசினகுடி அரசு பஸ் டிரைவர்களுக்கு யானையின் முகம் பார்த்தே தெரியும். அவர் நகர்ந்தால் நகருங்கள், நின்றால் நில்லுங்கள்.

ஒருநாள் மாலை, வேலை முடிந்து வருகிறேன். மரவகண்டி தாண்டி தெப்பக்காட்டுப் பக்கம் வருகிற வளைவில் பஸ் நிற்கிறது. அதன் பின்னால் பைக்காரர்கள் வரிசையாக நிற்கிறோம். முன்னால் ஒரு தாய் யானை, காலுக்கடியில் குட்டி, பின்னால் இன்னும் இரண்டு. குட்டி ரோட்டின் நடுவில் வந்து தார் மேல் கிடந்த மண்ணைத் துதிக்கையால் அள்ளித் தன் மேலேயே போட்டுக்கொண்டு நகர மறுக்கிறது. தாய் இரண்டு முறை பஸ்ஸைப் பார்த்துக் காதை அகல விரித்தது. டிரைவர் அசையவில்லை. பஸ்ஸில் இருந்த பள்ளிப் பிள்ளைகள்கூட மூச்சுக் காட்டவில்லை. பெரிய யானை ஒன்று வந்து குட்டியை நெற்றியால் முட்டித் தள்ளிக்கொண்டு போயிற்று. கடைசி யானை புதருக்குள் மறைந்த பிறகும் டிரைவர் வண்டியை எடுக்கவில்லை. கூட்டத்தில் பின்தங்கியது ஒன்று இருக்கும் என்று காத்திருந்தார். இருந்தது. வலப்பக்கம், எங்கள் பைக் வரிசைக்கு நேராக. அவசரப்பட்டு யாராவது முன்னால் போயிருந்தால் கூட்டத்துக்கும் அதற்கும் நடுவில் மாட்டியிருப்பார்கள். ஒன்று கடந்துவிட்டால் எல்லாம் கடந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், தம்பி.

காதை விரித்துத் தலையை ஆட்டி இரண்டடி முன்னால் வந்தால் பெரும்பாலும் அது எச்சரிக்கை. சத்தமில்லாமல் பின்வாங்குங்கள். காதைப் பின்னால் ஒட்டவைத்து, துதிக்கையை உள்ளே சுருட்டிக்கொண்டு வந்தால் அது விளையாட்டு இல்லை. அந்த நிலைமை வராமல் இருக்கத்தான் நூறு மீட்டர் என்கிறேன். அந்தத் தூரம் இருந்தால் வண்டியைத் திருப்ப நேரம் கிடைக்கும். தனியாக நிற்கிற கொம்பனைப் பாருங்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் எண்ணெய் வடிந்ததுபோல் கறை தெரிந்தால் மதம். அன்றைக்கு அந்த வழியே வேண்டாம், திரும்பிப் போய்ச் செக்போஸ்டில் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.

இன்னொன்று. மாலை ஜீப்பில் கூட்டிப்போகிறோம் என்று விடுதிக்காரர் சொன்னாரே, அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். காட்டுக்குள் போக வனத்துறை வண்டி தெப்பக்காட்டில் இருக்கிறது. அதில் போங்கள். தனியார் ஜீப்பில் இருட்டில் லைட் அடித்து மிருகம் காட்டுவது சட்டவிரோதம். அதைவிட, தண்ணீருக்கு வருகிற கூட்டத்தை அது கலைத்துவிடும். கலைந்த யானை அடுத்த நாள் காலையில் சாணம் பொறுக்கப் போகிற எங்கள் ஊர்ப் பெண் முன்னால் வந்து நிற்கும். மசினகுடிச் சுற்றுவட்டாரம் முழுக்க யானை வழித்தடம். 2018-ல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அங்கே பல விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபரில் வழித்தடத்தை உறுதிசெய்து தீர்ப்பும் வந்தது. தங்குவதானால் ஊருக்குள், உரிமம் உள்ள இடமாக விசாரித்துத் தங்குங்கள்.

சாமுண்டி_அடிவாரம்:

அண்ணா, நான் மைசூரில் இருக்கிற தமிழ்ப்பெண். ஸ்கூட்டரில் நஞ்சன்கூடு வரைக்கும் தினமும் வேலைக்குப் போகிறேன். எங்கள் வீட்டிலும் ஊட்டிக்கு இதே வழியில்தான் பைக்கில் போவோம்.

சிங்காரா ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். உங்கள் கொழுந்தியாள் வீட்டில் கிளம்பும்போது கண்டிப்பாக ஒரு தார் ரசபாளே வாழைப்பழம் கட்டிக் கொடுப்பார்கள். நஞ்சன்கூட்டுப் பழம், அந்த வாசனை வீட்டு வாசல் வரைக்கும் வரும். தயவுசெய்து அதைப் பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு பந்திப்பூருக்குள் போகாதீர்கள். வெல்லம், கரும்பு, பலா எதுவுமே வேண்டாம். ஆசனூர் பக்கம் காரப்பள்ளம் செக்போஸ்டில் யானைகள் கரும்பு லாரிக்காகக் காத்து நிற்பதை நீங்களே செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஈரோட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லாரியிலிருந்து கரும்பை எறிந்து எறிந்தே அந்தப் பழக்கத்தைப் பழக்கிவிட்டார்கள். பொங்கல் சமயம் என்பதால் போகும்போது கரும்புக் கட்டு எதையும் தங்கச்சி வீட்டுக்கு என்று எடுத்துக்கொண்டு திம்பம் ஏறாதீர்கள். மைசூரில் கரும்பு கிடைக்கும்.

திம்பத்தில் இன்னொரு விஷயம். 27 வளைவு. சரக்கு லாரி வளையும்போது முழு ரோடும் அதற்கே வேண்டும். லாரியின் முன்பக்கம் வெளியே போய்விட்டது, உள்பக்கம் இடம் இருக்கிறது என்று பைக் நுழைந்தால் பின்சக்கரம் உள்ளே வெட்டி வரும். வளைவுக்கு முன்னாலேயே ஓரமாக நின்று லாரி முழுசாகத் திரும்பிய பிறகு போங்கள். ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, ஆனால் அதைப் பைக்கில் உட்கார்ந்து லாரியிடம் நிலைநாட்ட முடியாது.

பந்திப்பூர் ரோட்டில் வேகத்தடைகள் அடுத்தடுத்து வரும், சிலது மரநிழலில் தெரியவே தெரியாது. பின்னால் இருப்பவருக்கு இடுப்பு போய்விடும். நடுவில் எங்கேயும் நிறுத்தக் கூடாது, மானுக்குக் குரங்குக்குத் தின்பண்டம் போடக் கூடாது, நிறுத்தினால் அபராதம் போடுவார்கள். அதனால் குண்டல்பேட்டிலேயே டிபன், டாய்லெட், பெட்ரோல் எல்லாம் முடித்துவிடுங்கள். அக்காவுக்கு இது முக்கியம். அதற்குப் பிறகு தெப்பக்காடு வரைக்கும் இறங்கவே முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கோபாலசுவாமி பெட்டா மலைக்கோயில் பார்க்க ஆசை என்றால் சொந்த வண்டி மேலே போகாது, அடிவாரத்தில் நிறுத்திவிட்டு அரசு பஸ்ஸில் போக வேண்டும். பொங்கல் நாளில் அங்கே வரிசையில் நின்றால் காட்டுச் சாலைக்கு மதியம் ஆகிவிடும். நானாக இருந்தால் அதை இன்னொரு முறைக்கு வைத்துக்கொள்வேன்.

கர்நாடகாவில் இருந்து நுழைந்தாலும் மாநில எல்லையில் உள்ள கக்கநல்லா செக்போஸ்டில் இ-பாஸ் கேட்பார்கள். பைக்குக்கும் உண்டு.

காலிங்கராயன்_கரை:

எல்லாருக்கும் மனசார நன்றிங்க. வீட்டுக்காரியை உட்காரவைத்து முழுவதையும் படித்துக் காட்டினேன். குட்டி யானை மண் அள்ளிப் போட்டதை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னாள். தோளில் தட்டுவது ஐடியா அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பயம் போய்விட்டது என்று சொல்லவில்லை, ஆனால் இப்போது அவளுக்கும் ஒரு வேலை இருக்கிறது.

திட்டத்தை மாற்றிவிட்டோம். ஈரோட்டில் விடிகாலை கிளம்பி, 8 மணிக்குப் பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திம்பம் ஏறுகிறோம். மதியச் சாப்பாட்டுக்கு மைசூரு. பொங்கல் அங்கே. திரும்பும் நாள் 6 மணிக்குக் கிளம்பி, குண்டல்பேட்டில் டிபன், 9 மணி வாக்கில் பந்திப்பூர், 10 மணிக்குத் தெப்பக்காடு. ஜீப் சவாரியை விட்டுவிட்டோம்.

இப்போது ஒரே குழப்பம். தெப்பக்காட்டில் இருந்து மசினகுடி, கல்லட்டி ஏறி ஊட்டியா, கூடலூர், நடுவட்டம் சுற்றி ஊட்டியா? கல்லட்டி வழி பாதித் தூரம்தான் வருகிறது. மசினகுடியில் ஒரு ராத்திரி தங்கவும் ஆசை.

மேட்டுப்பாளையம்_மெக்கானிக்:

தூரம் பாதிதான் அண்ணா, ஆனா ஏத்தம் பூரா அந்தப் பாதிக்குள்ளயே இருக்கு. மசினகுடில இருந்து ஊட்டி ஆயிரம் மீட்டருக்கு மேல உயரம். ரெண்டு பேர், பை எல்லாம் சேர்த்து 160 சிசி வண்டி ஏறும், ஏறாம இல்ல. ஆனா வளைவுக்கு வளைவு முதல் கியர், பாதி கிளட்ச். வளைவு நடுவுல முன்னாடி கார் நின்னுட்டா நீங்களும் நிக்கணும், அந்தச் சரிவுல ரெண்டு பேரோட மறுபடி எடுக்கறது சாதாரண வேலை இல்ல. கிளட்ச் பிளேட் கருகின வாசனையோட ஊட்டி வர்ற வண்டி நிறைய பாத்திருக்கேன். தனியா வந்தா கல்லட்டி ஏறுங்க. ஜோடியா வந்தா கூடலூர்.

சிங்காரா:

நானும் கூடலூர்தான் சொல்வேன், எங்கள் ஊர் என்பதற்காக இல்லை. நீங்கள் காடு பார்க்க வருகிறீர்கள். தெப்பக்காட்டிலிருந்து தொரப்பள்ளி வரைக்கும் முழுக்க முதுமலைக் காடுதான், அதுவும் மசினகுடிப் பக்கத்தைப் போல முட்காடு இல்லை. மழை மிகுந்த பக்கம் என்பதால் தேக்கும் வெண்தேக்கும் உயரமாக நிற்கும். மரக்கிளையில் மலை அணில் தாவும், வாலே ஒரு முழம் இருக்கும். மசினகுடி மழைமறைவுப் பிரதேசம். ஒரே சரணாலயத்துக்குள் இருபது கிலோமீட்டருக்குள் காடு இப்படி மாறுவதை ஜன்னல் இல்லாமல் பார்க்கிற பாக்கியம் பைக்காரருக்குத்தான் உண்டு. கூடலூரில் சாப்பிட்டுவிட்டு ஏறினால் ஊசிமலை, நடுவட்டம், பைக்காரா. வளைவுகள் அகலம், ரோட்டோரம் நிறுத்தி இளைப்பாற இடம் உண்டு. அம்மாவுக்குத் தலை சுற்றினால் கல்லட்டியில் நிறுத்த இடமே கிடையாது, அதையும் யோசியுங்கள்.

மசினகுடியில் தங்க ஆசை என்றால், தெப்பக்காட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர்தான். போய்த் தங்கி, மறுநாள் காலை 8 மணிக்கு மேல் அதே வழியில் தெப்பக்காடு திரும்பிக் கூடலூர் போங்கள். சுற்றுதான், ஆனால் அந்த ஏழு கிலோமீட்டரை இரண்டு முறை பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. தங்கினால் மாலையில் தெப்பக்காடு முகாமில் யானைகளுக்குக் கவளம் கொடுப்பதையும் பார்க்கலாம். ராகியும் கொள்ளும் வேகவைத்து உருட்டி, ஒவ்வொரு யானைக்கும் அதன் உடம்புக்குத் தகுந்த அளவு, மருந்து இருந்தால் அதற்குள் வைத்து, பாகன் கையால் வாயில் ஊட்டுவார். அங்கே பணிபுரிகிறவர்களில் பலர் குறும்பர், காட்டுநாயக்கர், இருளர். யானை நோயை அவர்கள் கண்டுபிடிக்கிற நேர்த்தியை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். காட்டைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அவர்களிடம் கேளுங்கள். மாட்டுப் பொங்கலன்று முகாமில் யானைகளைக் குளிப்பாட்டிப் பொங்கல் வைப்பார்கள், உங்கள் தேதி ஒத்துவந்தால் விடாதீர்கள். ஆனால் அது முடிந்து இருட்டில் மசினகுடிக்கு பைக்கில் வரக் கூடாது. வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள்.

ஊட்டியில் தங்குகிற இரவுக்கு ஒரு எச்சரிக்கை. ஜனவரியில் உறைபனி கொட்டும். தலைகுந்தா, காந்தல் பக்கம் புல்வெளி காலையில் வெள்ளையாக இருக்கும், சீட்டின் மேல் பனி படிந்து நகத்தால் சுரண்ட வேண்டியிருக்கும். மரநிழல் விழுகிற வளைவில் ரோடு வழுக்கும். வெயில் ஏறி 9 மணிக்கு மேல் கோத்தகிரிப் பக்கம் கிளம்புங்கள். கம்பளிக் கையுறை மட்டும் போட்டால் காற்று புகுந்து விரல் மரத்துவிடும், பிரேக்கைப் பிடிக்க விரல் வேண்டும். மேலே ரெயின் கோட் துணியில் ஒரு உறை மாட்டிக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில் எடுத்து வாருங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, செக்போஸ்டிலேயே வாங்கிவிடுவார்கள். வழியில் தண்ணீர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள், பிடித்துக்கொள்ளலாம்.

காலிங்கராயன்_கரை:

கூடலூர் வழிதான்ங்க, முடிவாகிவிட்டது. மசினகுடி ஒரு ராத்திரி, ஊட்டி ஒரு ராத்திரி. அதற்காக மைசூரில் ஒரு நாளைக் குறைத்துக்கொள்கிறோம். கொழுந்தியாளிடம் வீட்டுக்காரியே பேசிக்கொள்கிறாளாம், வாழைப்பழ விஷயத்தையும் சேர்த்து.

பிரேக் லைனிங் இந்த ஞாயிற்றுக்கிழமை மாற்றக் கொடுக்கிறேன். இ-பாஸ் எத்தனை நாள் முன்னாடி எடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

சாமுண்டி_அடிவாரம்:

தேதி உறுதியானதும் உடனே எடுத்துவிடுங்கள் அண்ணா. 2025 ஏப்ரல் முதல் சீசனுக்கு, நீலகிரிக்குள் வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் கணக்கு வைத்தது. பொங்கலுக்கு எப்படி வைப்பார்கள் என்று கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். வண்டி நம்பர், வருகிற தேதி, திரும்புகிற தேதி, தங்குகிற இடம் கேட்பார்கள். மசினகுடியும் நீலகிரி மாவட்டம்தான், அதனால் நுழைகிற தேதியாக ஊட்டிக்குப் போகிற நாளைப் போடாமல் கக்கநல்லா தாண்டுகிற நாளைப் போடுங்கள். வருகிற கியூஆர் கோடைப் பேப்பரில் பிரிண்ட் எடுத்து ஆர்சி புக்கோடு வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் போனில் சிக்னல் இருக்காது.

சிங்காரா:

தம்பி, தொரப்பள்ளி தாண்டிக் கூடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் இந்தத் திரியில் ஒரு வரி போடுங்கள். ஊரில் இருந்தால் வந்து பார்க்கிறேன். அம்மாவுக்குக் கூடலூர் டீ வாங்கித் தருகிறேன்.

காலிங்கராயன்_கரை:

கண்டிப்பாகப் போடுகிறேன் ஐயா. அவளிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.